ஊர் எண் எதில், பயண டேட்டா எதில்? இ-சிம்மையும் சிம் கார்டையும் சேர்த்து ஓட்டுவது

வெளிநாடு கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "இ-சிம் வாங்கிக்கொண்டு போகலாமா, அங்கே இறங்கி சிம் கார்டு வாங்கலாமா?" என்றுதான். ஃபோனில் இரண்டு லைன் ஓடும் என்றால் இது பாதிக் கேள்வி. மீதிப் பாதிதான் முக்கியம்: இத்தனை வருடமாக நீங்கள் வைத்திருக்கும் ஊர் எண் பயணத்தின்போது எதில் இருக்கப் போகிறது?

பயணத்தில் ஃபோன் செய்யும் வேலைகள் இரண்டு. ஒன்று இணையம்: வரைபடம், டாக்ஸி, மொழிபெயர்ப்பு, வீட்டுக்கு வீடியோ கால். இன்னொன்று, நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிப்பது: வங்கி அனுப்பும் ஓடிபி, மின்னஞ்சலில் நுழைய வரும் குறியீடு, வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்யக் கேட்கும் ஆறு இலக்கம். முதல் வேலை கெட்டால் பக்கத்தில் ஒரு வைஃபையைப் பிடித்துச் சமாளித்துவிடலாம். இரண்டாவது கெட்டால், கையில் கார்டு இருந்தும் பணம் கட்ட முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். அதனால் டேட்டாவை எங்கே மலிவாக வாங்குவது என்று அலசுவதற்கு முன்னால், ஊர் எண்ணை எங்கே பத்திரமாக வைப்பது என்று முடிவு செய்துவிடுவதே என் கட்சி.

கருவியைப் பற்றி இரண்டு வரி. சிம் கார்டு வந்தது 1991ல். ஜெர்மனியின் கீசெக்கே உண்ட் டெவ்ரியண்ட் நிறுவனம் ஃபின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு முதல் கார்டுகளைச் செய்து கொடுத்தது. இ-சிம்மிலும் உள்ளே இருப்பது அதே மாதிரியான பாதுகாப்புச் சில்லுதான். ஃபோனின் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், அவ்வளவு. கார்டைக் கையில் தருவதற்குப் பதில் சேவை நிறுவனம் லைனின் விவரங்கள் அடங்கிய ஒரு ப்ரொஃபைலை இணையம் வழியாக இறக்கிக் கொடுக்கிறது. பல ப்ரொஃபைல்களைச் சேமித்து வைக்கலாம். ஐஃபோனில் எட்டு அல்லது அதற்கு மேலும் நிற்கும். ஆனால் ஒரே நேரத்தில் ஓடுவது, கார்டையும் சேர்த்து, இரண்டு லைன்தான்.

எதுவுமே மாற்றாமல் ஊர் சிம்மிலேயே ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போவது முதல் வழி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறவருக்கு இது போதும். 2017 ஜூன் 15 முதல் அங்கே நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இரண்டு நாள் அலுவலகப் பயணம், பில்லை நிறுவனம் கட்டும் என்றாலும் இதுவே சரி. மற்றபடி டேட்டாவுக்கு ஊர் நிறுவனம் கேட்கும் விலை பெரும்பாலும் வலிக்கும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது வழிதான் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது: ஊர் எண் கார்டிலேயே, ட்ரேயிலேயே இருக்கட்டும், டேட்டாவுக்கு மட்டும் பயண இ-சிம். கார்டைத் தொடவே வேண்டாம். விமானத்தில் ஊசியைத் தேடி, நகத்தளவு கார்டைக் கழற்றிப் பர்ஸின் ஏதோ ஒரு மூலையில் செருகி, திரும்பி வந்து வீடெல்லாம் தேடுகிற வேலையும் மிச்சம்.

இதில் தடுமாற வைப்பது "ரோமிங்" என்கிற ஒரே பெயரில் திரியும் இரண்டு விஷயங்கள். ஒன்று, ரோமிங் சேவை: உங்கள் ஊர் நிறுவனம் தன் பக்கம் திறந்துவிடுவது. இது இல்லாவிட்டால் வெளிநாட்டில் ஊர் எண் எந்த நெட்வொர்க்கிலும் சேராது, ஓடிபியும் வராது. சில நிறுவனங்களில் ப்ரீபெய்டு எண்ணுக்கு ஏதாவது ஒரு பேக் போட்டால்தான் இது திறக்கும். மற்றது, ஃபோனின் செட்டிங்ஸில் இருக்கும் டேட்டா ரோமிங் பொத்தான். இது அந்த லைன் வழியாக இணையம் ஓடலாமா என்பதை மட்டும் தீர்மானிக்கும். ஆக, ஊர் எண்ணுக்கு ரோமிங் சேவை திறந்திருக்க வேண்டும், டேட்டா ரோமிங் பொத்தான் அணைந்திருக்க வேண்டும். இந்த நிலையில் எஸ்எம்எஸ் வரும், டேட்டா பில் வராது. ரோமிங்கில் வந்துசேரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பல நிறுவனங்கள் காசு வாங்குவதில்லை, ஆனால் உள்வரும் அழைப்பை எடுத்தால் வாங்குவார்கள். உங்களுடைய நிறுவனம் என்ன செய்கிறது என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். வாய்ஸ்மெயில் வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிட்டுப் போவது நல்லது. எடுக்காத அழைப்பு ஊரிலுள்ள வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பிப் போவதற்கும் சில இடங்களில் பில் போடுகிறார்கள்.

பயண இ-சிம்மில் கதை தலைகீழ். அங்கே டேட்டா ரோமிங் பொத்தான் எரிய வேண்டும். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை நீங்கள் போகும் நாட்டின் நிறுவனம் தருவது அல்ல. மூன்றாவது ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் ப்ரொஃபைல் அது; எங்கே போனாலும் அதற்கு எல்லாமே ரோமிங்தான். "ரோமிங் என்றாலே செலவு" என்று பயந்து இரண்டு லைனிலும் பொத்தானை அணைத்துவிட்டு, சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது ஆனால் இணையம் வரவில்லை என்று விற்றவரைத் திட்டுபவர்கள் ஏராளம். பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. வாங்கிய அளவு தீர்ந்தால் நின்றுவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. ஐஃபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில், எந்த லைனில் டேட்டா என்று தேர்ந்தெடுக்கும் இடத்துக்குக் கீழே, "அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்" என்று இருக்கும். சாம்சங் போன்ற ஆண்ட்ராய்டு ஃபோன்களில் "ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்". ஒரு லைனில் டேட்டா தள்ளாடினால் இன்னொன்றுக்குத் தானாகத் தாவச் சொல்வது இதன் வேலை. ஊரில் இருக்கும்போது உபகாரி. வெளிநாட்டில் ஊர் லைனின் டேட்டா ரோமிங் தவறுதலாகத் திறந்திருந்தால், பில் வரும் வழி இதுதான். இரண்டையுமே அணைத்து வைப்பது என் பழக்கம். ஒரு பூட்டு போதும் என்று வாதாடலாம். இரண்டு பூட்டுக்கு ஒன்றும் கூடுதல் செலவில்லையே.

ஓடிபி வரும் நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பேட்டரியையும் உள்வரும் அழைப்புக் கட்டணத்தையும் மிச்சம் பிடிக்க, சிலர் ஊர் லைனை முழுவதுமாக அணைத்து வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் எழுப்புவார்கள். நல்ல வழிதான், வரிசையை மாற்றாத வரைக்கும். ரயில் டிக்கெட் பக்கத்தில் "பணம் செலுத்து" என்பதை அழுத்தியாகிவிட்டது. வங்கியின் பக்கம் திறந்து நொடிகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. அப்போது போய் லைனை எழுப்பினால், அது அந்த நாட்டு நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒன்று சேர்த்துக்கொள்ள ஓரிரு நிமிடம்கூட ஆகும். மேலே "தேடுகிறது" என்றே நிற்கும். கோடுகள் வந்து, குறுஞ்செய்தி விழும்போது பக்கம் காலாவதியாகியிருக்கும். முதலில் லைன், அது சேர்ந்ததும் பணம். முடிந்தால் ஓடிபிக்குப் பதில் வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தரும் முறைக்கும், மின்னஞ்சலுக்கு, எஸ்எம்எஸ் இல்லாமல் ஃபோனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கும் ஊரிலேயே மாறிக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸை நம்பியிருக்கும் இடங்கள் குறையக் குறையப் பயணம் இலகுவாகும். சில வங்கிச் செயலிகள் பதிவு செய்த சிம் ஃபோனுக்குள் இருக்கிறதா என்றே சோதிக்கும். ஊர் கார்டைக் கழற்றாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு லைனும் "ஓடுகிறது" என்று சொல்வதிலும் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான ஃபோன்களில் இருப்பது டூயல் சிம் டூயல் ஸ்டாண்ட்பை. இரண்டு வாசலுக்கும் ஒரே காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாசலில் அவர் பேசிக்கொண்டிருந்தால் மற்ற வாசலில் ஆள் இல்லை. ஊர் எண்ணில் அழைப்பு எடுத்துப் பேசும்போது இ-சிம்மின் டேட்டா நின்றுபோகலாம். வழி கேட்டு நடந்துகொண்டிருக்கும்போது வரைபடம் உறைந்தால் காரணம் இதுவாக இருக்கும். அழைப்பை முடித்ததும் சரியாகிவிடும். வைஃபை காலிங் வசதியை உங்கள் நிறுவனம் வெளிநாட்டிலும் அனுமதித்தால், ஊர் எண்ணின் அழைப்புகள் இ-சிம்மின் டேட்டா வழியாகவே வரக்கூடும். கட்டணம் ஊரில் இருப்பது போலவா, ரோமிங் போலவா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இன்னொரு சிக்கல் வோல்டிஇ, அதாவது 4ஜி வழியாகப் போகும் குரல் அழைப்பு. 3ஜியை மூடிவிட்ட நாடுகளில் குரல் அழைப்பு 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022க்குள் 3ஜியை மூடிவிட்டன. உங்கள் ஊர் நிறுவனத்துக்கு அங்கே வோல்டிஇ ரோமிங் ஏற்பாடு இல்லையென்றால், கார்டு நல்ல நிலையில் இருந்தும் அழைப்பு வராது. போகும் நாட்டின் பெயரைச் சொல்லி நேராகக் கேட்டுவிடுவதே வழி.

சரி, மூன்றாவது வழிக்கு வருவோம்: ஊர் எண்ணை இ-சிம்முக்கு மாற்றிவிட்டு, காலியான ட்ரேயில் போகும் நாட்டு சிம் கார்டைப் போடுவது. உள்ளூர் கார்டு தரும் டேட்டா பெரும்பாலும் விலைக்கு அதிகம். அந்த நாட்டு எண்ணும் கிடைக்கும்; பயண இ-சிம்களில் பாதிக்கு மேல் எண்ணே இல்லாத டேட்டா திட்டங்கள் என்றுதான் என் கணிப்பு. வீடு பிடிக்க, டெலிவரிக்காரர் அழைக்க, உணவகத்தில் இடம் பிடிக்க, மருத்துவமனையில் பதிவு செய்ய அந்த நாட்டு எண் இல்லாமல் முடியாத இடங்கள் உண்டு. மாதக்கணக்கில் தங்குபவருக்கு இது கிட்டத்தட்ட கட்டாயம். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு முறை வேலை. துருக்கி போன்ற நாடுகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: வெளிநாட்டில் வாங்கிய ஃபோனில் உள்ளூர் சிம் போட்டு ஓட்டினால், ஃபோனைப் பதிவு செய்யாவிட்டால் 120 நாளுக்குப் பிறகு அது அங்குள்ள நெட்வொர்க்கில் முடக்கப்படும்.

டேட்டா எந்த வழியாக வெளியே போகிறது என்பதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, இதை விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. உள்ளூர் கார்டில் இணையம் அங்கேயே பிரிந்துவிடும். வேகமாகப் பதில் வரும். பயண இ-சிம்மில் பல நேரம் உங்கள் டேட்டா அந்த ப்ரொஃபைலைக் கொடுத்த நாட்டுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரும். வீடியோ காலில் ஒரு கணம் தாமதம், தேடல் பக்கம் வேறு மொழியில் திறப்பது, வங்கிச் செயலி "புதிய இடத்திலிருந்து நுழைகிறீர்கள்" என்று சந்தேகப்படுவது எல்லாம் இதனால்தான். அதே சுற்று வழி சீனாவில் வரமாகிவிடும். அங்கே உள்ளூர் சிம் போட்டால் கூகுள், வாட்ஸ்அப் எதுவும் திறக்காது. வெளிநாட்டு ப்ரொஃபைலில் ரோமிங் செய்தால், டேட்டா வெளியே போய்த் திரும்புவதால், அவை வழக்கம்போல ஓடும்.

இவ்வளவு நன்மை இருந்தும் மூன்றாவது வழியை எல்லாருக்கும் சொல்ல எனக்குத் தயக்கம். ஃபோன் தண்ணீரில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஊர் எண் கார்டில் இருந்தால், ட்ரேயை இழுத்து, கூட வந்தவரின் ஃபோனிலோ அவசரத்துக்கு வாங்கிய மலிவான ஃபோனிலோ போட்டு ஐந்து நிமிடத்தில் ஓடிபி வாங்கிவிடலாம். இ-சிம்மில் இருந்தால் அது இறந்த ஃபோனுக்குள் மாட்டிக்கொள்ளும். மறுபடி எடுக்க நிறுவனம் கேட்பது அநேகமாக அதே எண்ணுக்கு வரும் குறியீடாகவோ, கடைக்கு நேரில் வரச் சொல்வதாகவோ இருக்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இரண்டுமே நடக்காத காரியம்.

எதிர்வாதமும் நியாயமானதுதான். ஃபோன் உடையவில்லை, திருடு போனது என்றால்? பூட்டிய ஃபோனாக இருந்தாலும் கார்டைக் கழற்றி இன்னொன்றில் போட்டு, உங்கள் எண்ணுக்கு வரும் குறியீடுகளைத் திருடர் வாங்க முடியும். இ-சிம்மை அப்படிப் பிடுங்க முடியாது. இதற்குக் கார்டிலேயே ஒரு மருந்து இருக்கிறது, பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை: சிம் பின் (PIN), அதாவது கார்டுக்கான ரகசிய எண். போட்டுவிட்டால், கார்டு எந்த ஃபோனுக்குள் போனாலும் பின் கேட்கும். மூன்று முறை தவறினால், பூட்டைத் திறக்க நிறுவனம் தரும் பக் (PUK) குறியீட்டைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறினால் கார்டு நிரந்தரமாகச் செத்துவிடும். புதிய கார்டில் நிறுவனம் வைத்த பின் ஒன்று ஏற்கனவே இருக்கும் என்பதால், யூகித்துப் போடாமல் விசாரித்துவிட்டு, ஊரில் இருக்கும்போதே இதைச் செய்துகொண்டு, பக் குறியீட்டை ஃபோனுக்கு வெளியே எழுதி வையுங்கள். சிம் பின் போட்ட கார்டு என்றால், உடைதல், திருட்டு இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. என் தராசு இரண்டாவது வழிப் பக்கம் சாய்வது இதனால்தான்.

சிலருக்குத் தேர்வே இல்லை. 2022ல் அமெரிக்காவில் விற்ற ஐஃபோன் 14 முதல் அந்நாட்டு மாடல்களில் சிம் ட்ரே கிடையாது. 2025ல் வந்த ஐஃபோன் ஏரில் எந்த நாட்டிலும் கிடையாது. ஐஃபோன் 13 முதல் இரண்டு இ-சிம்மும் ஒரே நேரத்தில் ஓடும் என்பதால் பயணம் தடைப்படாது. ஆனால் மேலே சொன்ன இறந்த ஃபோன் பிரச்சினை முழுசாக உங்கள் தலையில். நிறுவனம் ஆன்லைனிலேயே இ-சிம்மை மறுபடி தருமா, அதற்கு என்ன கேட்கும் என்பதைக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள். ஆத்தென்டிகேட்டர் செயலியை இரண்டாவது கருவி ஒன்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர் எதிர்க் கோடியில், சீனப் பெருநிலத்தில் விற்ற ஐஃபோன்கள் பலவற்றில் இரண்டு நானோ கார்டு போடலாம், இ-சிம் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் பெட்டியை நம்பாமல், டயல் செய்யும் இடத்தில் *#06# அடித்துப் பாருங்கள். ஐஎம்இஐ எண்ணோடு 32 இலக்க ஈஐடி ஒன்றும் தெரிந்தால் இ-சிம் உண்டு. தவணையில் வாங்கிய ஃபோன் என்றால் நிறுவனப் பூட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பூட்டிய ஃபோனில் வேறு நிறுவனத்தின் கார்டும் இ-சிம்மும் ஓடாது. சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இ-சிம்மை எழுப்பினால் இரண்டாவது கார்டு துளை அணைந்துவிடும். இரண்டு கார்டும் ஓர் இ-சிம்மும் சேர்த்து மூன்று லைன் என்று கனவு காண வேண்டாம்.

பல நாடுகளைச் சுற்றுகிறவருக்குப் பிராந்திய இ-சிம் ஒன்றே போதும்; எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் கடை தேட வேண்டியதில்லை. குடும்பமாகப் போகிறவர்கள் ஒருவர் ஃபோனில் பெரிய திட்டம் வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம், திட்டம் அதை அனுமதித்தால். ஆனால் அந்த ஒருவர் கூட்டத்தில் பிரிந்து போனால் மற்ற எல்லாருக்கும் இணையம் போய்விடும். இரண்டு பேரிடமாவது தனித்தனியாக இருப்பது நிம்மதி.

இ-சிம் வாங்கும்போது ஜிபி கணக்கை மட்டும் பார்க்காமல், நாள் எண்ணிக்கை எப்போது தொடங்குகிறது என்று படியுங்கள். சில திட்டங்களில் ஃபோனில் ஏற்றியவுடனே தொடங்கும். சிலவற்றில் போகும் நாட்டு நெட்வொர்க்கில் சேர்ந்த பிறகுதான். "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தால், ஒரு நாளைக்கு எவ்வளவுக்கு மேல் வேகத்தைக் குறைப்பார்கள் என்பதைச் சின்ன எழுத்தில் தேடுங்கள். ஏற்றுவதற்கே இணையம் வேண்டும் என்பதால், அங்கே சேர்ந்த பிறகே நாள் தொடங்கும் திட்டம் என்றால் வீட்டு வைஃபையில் ஏற்றிவிட்டுக் கிளம்புவது நல்லது. க்யூஆர் குறியீடு அதே ஃபோனின் திரையில் இருந்தால் கேமராவால் பிடிக்க முடியாது. இன்னொரு திரையிலோ காகிதத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியீடு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். அங்கே இறங்கியதும் இணையம் வரவில்லை என்று ப்ரொஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஏற்றப் பார்ப்பது, கட்டிய காசைக் குப்பையில் போடுவது. டேட்டா ரோமிங்கைப் பாருங்கள், விற்றவர் கொடுத்த ஏபிஎன் (இணையத்தில் சேர ஃபோனின் செட்டிங்ஸில் பதியும் பெயர்) சரியா பாருங்கள், நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், ஃபோனை அணைத்து எழுப்புங்கள். அழிப்பது விற்றவரே அழிக்கச் சொன்ன பிறகு.

புதிய லைன் ஏறியதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பதிவு செய்த எண்ணைத்தான் பார்க்கும். டேட்டா எந்த சிம்மில் வருகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இரண்டு லைன் ஓடும்போது பேட்டரி வேகமாக இறங்கும், மலைப்பாதை, ரயில் போன்ற சிக்னல் தேயும் இடங்களில் இன்னும் வேகமாக. ஊர் ப்ரீபெய்டு எண்ணின் வேலிடிட்டி பயணத்தின் நடுவில் முடிகிறதா என்பதையும் பார்த்து, கிளம்பும் முன்பே ரீசார்ஜ் செய்துவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் டேட்டா லைனைப் பழைய சிம்முக்கு மாற்றி, பயண லைனை அணைத்துவிடுங்கள். உலகம் முழுவதற்குமான இ-சிம் என்றால் அது உங்கள் ஊரிலும் ரோமிங்கிலேயே உட்கார்ந்து மிச்ச ஜிபியைத் தின்றுகொண்டிருக்கும். டாப்-அப் செய்து மறுபடி பயன்படுத்தக்கூடிய ப்ரொஃபைல் என்றால் அழிக்க வேண்டாம். அடுத்த பயணத்துக்கு க்யூஆர் தேடும் வேலை இருக்காது.